ரசிகர் சபையில் ஏலம் போன சால்வை

அல்போன்ஸ் மாமா என் அப்பாவுக்கு அத்தை மகன். சாந்தோமில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு சாமியார் அங்கி முதல் பள்ளிக்கூடச் சட்டை வரை தைத்தவர். பியாட்ரிஸ் மாமிக்கும் அவருக்கும் ஒரே பெண், ஃப்ளோரன்ஸ். கைக்குழந்தையில் அவளுக்கு ஜன்னி கண்டு அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஜனத்தில் அது வழக்கம். பிழைத்த பிள்ளையைக் கோயிலில் ஏலம் விடுவார்கள். உறவில் யாராவது கேட்டெடுத்து, காணிக்கையைப் போட்டுவிட்டு, பிள்ளையைப் பெற்றவள் மடியிலேயே திருப்பி வைப்பார்கள். ஃப்ளோரன்சை அப்படி எடுத்துக் கொடுத்தது எங்கள் லூயிசா அத்தை.

அந்தப் பெண் வயசுக்கு வந்தபின் காசத்தில் போய்விட்டாள். நாடகப் பைத்தியம் அவள்; ராஜபார்ட் சுந்தரேசன் என்றால் சோறு வேண்டாம். படுக்கையில் கிடந்தபோது மாமா போய்க் கெஞ்ச, அந்த நடிகர் தோளில் கிடந்த சரிகைச் சால்வையைக் கொடுத்தனுப்பினார். அதைப் போர்த்திக்கொண்டுதான் செத்தாள். மாமி அதைத் துவைக்கவே விடவில்லை. பிள்ளை வாசனை அதில்தான் இருக்கிறது என்பாள்.

வெள்ளம் குப்பத்துக் குடிசைகளை அடித்துக்கொண்டு போன வருஷம், சுந்தரேசனின் ரசிகர் சபை ஆழ்வார்பேட்டையில் ஒரு கொட்டகையில் கூடியது. வெள்ள நிதிக்கு நடிகரின் பொருள்களை ஏலம் விடுவதாக நோட்டீஸ். நடிகர் அனுப்பியதோ ஒரு பூமாலை. கூட்டத்துக்கு முன்னாலேயே சபைக் காரியதரிசி பஞ்சாட்சரம் மாமாவைத் தேடி வந்தார்.

"உங்கிட்ட அவரு சால்வை கீதாமே, டெய்லரே. குப்பமே பட்டினி கெடக்குது, நீ பொட்டில வெச்சுப் பூட்டிக்கினு கீறியே."

மாமி கூடாது என்றாள்.

"தர்ம ஏலம்னா திருப்பிக் குடுத்துடுவாங்க, பியாட்ரிஸ். நம்ம புள்ளையையே திருப்பிக் குடுக்கலையா?" என்றார் மாமா.

ஏலத்தில் இரும்புக்கடை துரைராஜ் சால்வையைக் கேட்டெடுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் மாமா மேடையோரம் போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாத்துக்குக் கைய நீட்டுறான்?" என்றார் துரைராஜ்.

"சால்வைய நீங்க திருப்பித் தருவீங்கன்னு, மொதலாளி."

"அர்ச்சனைத் தேங்கா மூடின்னு நெனச்சுக்கினான்பா" என்றான் ஒருவன். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பில் பஞ்சாட்சரத்துக்கு ஒரு யோசனை வந்தது. முழுசாக ஒருத்தருக்குப் போவதைவிட, துண்டு துண்டாக விற்றால் நிதி பெருகும், ஆளுக்கொரு ஞாபகமும் ஆச்சு. துரைராஜுக்கும் சம்மதம், மைக்கில் பேர் சொன்னால் போதும் அவருக்கு.

"டெய்லரு பையில கத்திரி கீதே. அவரே நேரா வெட்டுவாரு."

மாமா மாட்டேன் என்றார்.

"அப்போ குப்பத்துப் புள்ளைங்க வவுத்துல டெய்லரு அடிக்கிறாருன்னு மைக்ல சொல்லிடவா?"

மாமா வெட்டினார். பழகின கை, ஒரு துண்டும் கோணவில்லை. கடைசித் துண்டைத் தனக்குக் கேட்டார். ஏலத்தில் கேள் என்றார்கள். பையில் இருந்த சில்லறையைச் சொன்னார். பின்வரிசையில் ஒருத்தன் வேடிக்கைக்கு ஓர் அணா ஏற்றிச் சொல்லி வாங்கி, மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு விசிலடித்தான்.

மாமி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "குடுத்தாங்களா?"

மாமா கத்திரிக்கோலை எடுத்து நீட்டினார். அதன் திருகாணியில் சால்வை நூல் ஒன்று மாட்டியிருந்தது. மாமி அதை மெதுவாக உருவி மூக்கருகே வைத்து முகர்ந்தாள். மெஷின் எண்ணெய் வாசனைதான் வந்தது.