சித்தப்பா கேட்ட ஏலம்

எங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைக்குலை, பலாப்பழம், சேவல், மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்துக்கு உயிரே என் சித்தப்பாதான். அப்பாவின் தம்பி, புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருந்தார். பொருள் வேண்டுமென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விலையை ஏற்றிவிடத்தான் கேட்பார். பின்வரிசையிலிருந்து அவர் ஒரு விலை சொன்னதும் முன்னால் நிற்பவனுக்கு வீம்பு வரும். அதற்கு மேல் ஒன்று சொல்வான். சில சமயம் யாரும் ஏற்றாமல் சித்தப்பாவுக்கே விழுந்துவிடும். சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுப்பார். "திருப்பி ஏலத்துல போடும் ஓய்" என்று பொருளைக் கோயிலுக்கே விட்டுவிடுவார். கூட்டம் கைதட்டும். வருஷத்தில் அந்த ஒருநாள் அவர் ராஜா.

அந்த மனுஷனின் வாயை அடைத்தவள் நான். இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

என் வீட்டுக்காரர் அப்போது சார்ஜாவில் இருந்தார். டிஜிட்டல் கேமரா வந்த பிறகு அங்கே பழைய பிலிம் கேமராக்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்துப் பார்த்து வாங்கி, ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் கொடுத்தனுப்புவார். நான் துடைத்து, போட்டோ எடுத்து, இன்டர்நெட்டில் ஏலத்துக்குப் போடுவேன். சென்னை, பெங்களூரு என்று எங்கிருந்தெல்லாமோ சேகரிக்கிறவர்கள் கேட்பார்கள். இந்த வியாபாரம் காலூன்றிவிட்டால் அவரை ஊரோடு வரச்சொல்லிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. அந்த ஆசையை நான் சொல்லாத ஆள் இல்லை. சித்தப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் கேள்வியே, "வித்துதா மக்ளே?" என்பதாகத்தான் இருக்கும்.

ஒருநாள் என் பின்னால் நின்று கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஆரு வேணும்னாலும் கேக்கலாமா?"

"ஆரு வேணும்னாலும் கேக்கலாம் சித்தப்பா."

"கொள்ளாமே! நம்ம கோயில் ஏலம் மாதிரியாக்கும்."

"ஆமா, சேவல் மட்டும்தான் இல்ல" என்று சொல்லிச் சிரித்தேன். அதற்கு மேல் எதுவும் யோசிக்கவில்லை.

இந்த வியாபாரத்தில் எனக்கு எமன் யாரென்றால், கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள்தான். ஏலம் முடிகிற நேரத்தில் உயிரை விடுவதுபோல் போட்டிபோடுவார்கள். மறுநாள் ஒருவர், "பையன் தெரியாமல் அழுத்திவிட்டான்" என்பார். இன்னொருவர், "மனைவி சம்மதிக்கவில்லை" என்பார். ஏலம் கேட்கும்போது அந்த மனைவி எங்கே போயிருந்தாளோ! சிலர் பதிலே போடாமல் செத்தவர்போல் கிடப்பார்கள். முதலில் பொறுமையாகத்தான் எழுதினேன். பிறகு பொறுமை போயிற்று. எனக்கு இயல்பிலேயே அது கொஞ்சம் குறைவு.

அந்த வருஷம் வந்ததில் இரண்டு கேமராக்கள் நல்லவை. முதலாவதற்கு விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பெயரும் நம்பருமாகக் கலந்துகிடந்த ஒரு ஐடிக்கு விழுந்தது. பணம் வரவில்லை. எழுதினேன், பதில் இல்லை. சவம் தொலையட்டும் என்று இரண்டாவதைப் போட்டேன். அதையும் அதே ஐடி கேட்டு எடுத்தது; அப்போதும் சத்தமில்லை. இரண்டாவது இடத்தில் இருந்தவரைக் கெஞ்சிப் பார்த்தேன். அவர் வேறொன்று வாங்கிவிட்டாராம்.

அன்றைக்கு எனக்கு வந்த வெப்ராளமும் ஆத்திரமும் சொல்லி மாளாது. சார்ஜாவில் என் வீட்டுக்காரர் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடவேண்டிய நேரம் அது. அந்த ஐடியின் பக்கத்தில், உலகமே பார்க்கிற இடத்தில், "இவன் ஏமாற்றுக்காரன், யாரும் விற்காதீர்கள்" என்று இங்கிலீஷில் எழுதினேன். அதோடு விட்டேனா? கேட்டவரின் செல் நம்பரை விற்பவருக்குக் காட்டுவார்கள். அதை எடுத்துப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். பிரவுசிங் சென்டர் பையனாம், ஐடிக்குத் தன் நம்பரையே கொடுத்திருக்கிறான்.

"அந்த ஐடிக்காரரா? நாந்தான் ஓப்பன் பண்ணிக் குடுத்தேன். இங்கினதான் இருக்காரு, குடுக்கேன்."

எதிர்முனையில் ஆள் போனை வாங்கிய சத்தம் கேட்டதும் ஆரம்பித்துவிட்டேன். "ஏலம் கேக்க மட்டும் தெரியுது, பணம் கெட்டத் தெரியாதா ஒமக்கு? வக்கில்லாதவரு எதுக்கு வந்து கேக்கேரு? வெக்கமா இல்லியா? ஒம்ம மாதிரி ஆளாலதான் ஒருத்தரு கடலுக்கு அந்தப் பக்கம் கெடந்து சாவுதாரு." இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் ஓய்ந்த பிறகு போன் கட் ஆயிற்று. நன்றாகக் கொடுத்தோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலையில் சித்தப்பா வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு கவரை மேசையில் வைத்தார்.

"மக்ளே, அந்த கேமரா ரெண்டும் நானாக்கும் எடுத்தது."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒனக்கு வெல கூடட்டுமேன்னு ஏத்தி விட்டேன். மேல ஒருத்தன் கேப்பான்னு நெனச்சேன். எனக்கு விழுந்தது எனக்குத் தெரியாது கேட்டியா? நேத்து நீ பேசினப்பதான் தெரிஞ்சுது."

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்தது. வக்கில்லாதவரு. சித்தப்பாவை.

உண்மையைச் சொல்லவேண்டும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் ஒருமுறை கவரைத் தொட்டு வந்தது. எவ்வளவு இருக்கும் என்று மனசு ஒரு நொடி ஓடியது. அதன் பிறகுதான் அழுகை வந்தது.

"என்ன சித்தப்பா, சொல்லியிருக்கப்பிடாதா? எனக்குப் பணம் வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

"கேட்டவன் பணம் கெட்டணும்லா மக்ளே. ஒணக்கி வச்சிருந்த ஷீட்ட வித்தேன், அவ்வளவுதான்."

ரப்பர் ஷீட்டுக்கு விலை ஏறட்டும் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன தெரிஞ்சா பேசுன, விடு" என்றார். கட்டன்சாயா போட்டு வருவதற்குள் போய்விட்டார். கேமராக்களை எடுக்கவில்லை, கவரும் மேசையிலேயே இருந்தது. மறுநாள் கவரைச் சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றவள் மடியில் திணித்துவிட்டு வந்தேன். பணம் திரும்பிப் போயிற்று, பேச்சு திரும்பிப் போகவில்லை. அந்தத் தளத்தில் நான் எழுதியதையும் அழிக்க முடியவில்லை. எத்தனை முறை எழுதிக் கேட்டும் முடியாது என்றார்கள். சொந்தக்காரர் என்று சொல்லவும் பயம். சொந்தக்காரரை வைத்து விலையை ஏற்றுவது அங்கே மோசடி. என் கடையையே மூடிவிடுவார்கள். கடைக்காக அதையும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். ஆக, எந்த ஏலத்திலும் கடன் வைக்காத என் சித்தப்பா அங்கே ஏமாற்றுக்காரர்.

அவ்வளவு செய்தும் அந்த வியாபாரம் காலூன்றவில்லை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே இருந்தார்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்குச் சித்தப்பா எப்போதும்போல் ஒரு மட்டி வாழைக்குலை கொண்டுவந்து வைத்தார். ஏலம் ஆரம்பித்தது. சேவல் போயிற்று, பலா போயிற்று. பின்வரிசையிலிருந்து குரலே வரவில்லை. ஏலம் விட்ட கோயில் செக்ரட்டரி இரண்டுமுறை அந்தப் பக்கம் பார்த்தார். "என்ன ஓய், தொண்டைக்குச் சொகமில்லியா?" என்றதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

மட்டிக்குலை வந்ததும் நான் ஒரு விலை சொன்னேன். அவரைக் கிளப்பிவிடத்தான். எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சித்தப்பா, ஏத்துங்க. எனக்கு மேல ஒண்ணு கேளுங்க."

அவர் கைகள் இரண்டையும் மடியில் கோத்து வைத்திருந்தார். என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"வேண்டாம் மக்ளே. மேல ஆரும் கேக்காம எனக்கே விழுந்துட்டா?"

செக்ரட்டரி ஒரு தரம் சொன்னார், இரண்டு தரம் சொன்னார். பின்வரிசையையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நிறுத்தினார். பிறகு மூன்றாம் தரமும் சொல்லிவிட்டார். நான் சொன்ன முதல் விலைக்கே அந்தக் குலை எனக்கு விழுந்தது.