நாற்பத்தொரு பக்கம் திருப்பினேன்

1

பியானோ ட்யூனருக்குக் கச்சேரி தொடங்கும்போது வேலை முடிந்துவிடும். கம்பிகளைச் சுருதிக்குக் கொண்டுவந்து, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, கேன்டீனில் ரவா தோசைக்குச் சொல்லிவிடலாம். நான் இத்தனை வருடம் ரத்தக்கொதிப்பு இல்லாமல் இருந்த ரகசியம் இதுதான். மயிலாப்பூர் சபா ஒன்றில் அந்த அமெரிக்க அம்மாள் வாசித்த மாலை மட்டும் தோசை கிடைக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தாள் திருப்ப வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் செயலாளர் என்னைப் பிடித்தார்.

"சேவியர், நீங்க உக்காருங்கோ. பக்கம் திருப்பணும், அவ்வளவுதான்."

"சார், நான் ட்யூனர்."

"பியானோவையே பிரிச்சுப் போட்டு மாட்டறேள். ஒரு பேப்பரைத் திருப்ப மாட்டேளா?"

ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன் நான். நோட்ஸ் தெரியாது என்று தப்பிக்க முடியாது. "ஜுஜுபி சார்" என்றேன். வாய் அப்படித்தான், காலைக் கேட்காமல் மேடையேறிவிடும்.

2

அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. இளமையில் மற்றவர்கள் எழுதிய இசையை வாசித்துப் பரிசுகள் வாங்கியவர். பிறகு கூப்பிட ஆளில்லாமல், இருபது வருடம் ஒரு நடனப் பள்ளியில் பயிற்சிக்குப் பியானோ வாசித்திருக்கிறார். அவர் சொன்னதை நம் பாஷையில் போடுகிறேன்: "குழந்தைங்க பாதிப் பேர் ஒரு கணக்குல ஆடுவாங்க, மீதிப் பேர் வேற கணக்குல. டீச்சர் கத்துவாங்க. எனக்கு அந்தத் தப்பு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

அந்தத் தப்பிலிருந்துதான் சொந்த இசை எழுத ஆரம்பித்தாராம். ஐம்பது வயதுக்கு மேல்தான் ஆர்கெஸ்ட்ராக்கள் தேடி வந்தன. அன்று வாசிக்கவிருந்ததும் அந்த ரகம். வலது கை ஏழு ஏழாகப் போகும், இடது கை ஐந்து ஐந்தாக. முப்பத்தைந்தாவது தட்டில், பக்கத்தின் முடிவில், இரண்டும் சேரும். அங்கே திருப்ப வேண்டும். கண் மங்கிவருவதால் பெரிது பெரிதாக எழுதி, நாற்பத்திரண்டு பக்கம். பக்கத்துக்குக் கால் நிமிடம்கூட இல்லை.

"ரெண்டு மேடையில இது பாதியில நின்னுடுச்சு. கண்ணு இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்னு தெரியல. இன்னிக்குக் கடைசி வரைக்கும் போகணும்."

"பக்கம் திருப்பச் சொல்லி எப்போ தலையாட்டுவீங்க மேடம்?"

"ஆட்ட மாட்டேன். ஆட்டினா எண்ணிக்கை போயிடும். நீங்களே எண்ணிக்குங்க."

மைக் வைக்க வந்த சவுண்ட்காரர் டில்லி என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, வாசிக்கப் போறது அந்தம்மா. ஒனக்கு ஏன் வேர்த்துக்கினு கீது?"

3

பதினொரு பக்கம் அற்புதமாகத் திருப்பினேன். 'பரவாயில்லையேடா சேவியர்' என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அந்த ஒரு விநாடியில் எண்ணிக்கை போய்விட்டது. தாளைப் பார்த்தால் எல்லா வரியும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. என் பெயரை யாராவது கேட்டிருந்தால் அதையும் தாளில்தான் தேடியிருப்பேன்.

தப்பி ஓட வழி பார்ப்பதுபோல அரங்கைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு மாமி. வலது கை தொடையில் தாளம் போடுகிறது. ஒவ்வொரு ஏழு முடிந்ததும் இடது கையில் ஒரு விரல் மடங்குகிறது. ஐந்தாவது விரலும் மடங்கிக் கை மூடியது. சேவியரைக் காப்பாற்ற அந்தோணியார் அனுப்பிய கை! திருப்பினேன். அம்மாளின் இரண்டு கைகளும் சரியாகப் புதுப் பக்கத்தில் இறங்கின.

அதன்பின் தாளை நான் பார்க்கவே இல்லை. மாமியின் கை மூடும், நான் திருப்புவேன். ஓரிடத்தில் மட்டும் மாமியின் முகம் சுளித்தது; விரல் தடுமாறவில்லை. கடைசிப் பக்கமும் முடிந்து, கைதட்டல் எழுந்தபோது அம்மாள் சில விநாடி எழுந்திருக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமி மேடைக்கு வந்தார். "பிரமாதம். ஆனா ஒரு எடத்துல எடது கை ஒரு தட்டை முழுங்கிடுத்து. சொல்லுங்கோ அவாகிட்ட."

நான் அதைச் சொல்லவில்லை. "இந்த மாமிக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றேன் அம்மாளிடம்.

"அவங்க முகம் அப்படிச் சொல்லலையே" என்றார் அம்மாள்.

வேறு வழியின்றி எல்லாவற்றையும் கொட்டினேன், யார் கையைப் பார்த்துத் திருப்பினேன் என்பது உட்பட. அம்மாள் தாள்களைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"ரெண்டு தடவையும் நின்னது இங்கதான். இன்னிக்கும் இடது கை நழுவிடுச்சு. பக்கம் மட்டும் நேரத்துக்குத் திரும்பிச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறிட்டேன்."

மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தாளம் போடச் சொல்லி, அந்த ஒரு பக்கத்தை மறுபடி வாசித்தார். ஐந்து விரலும் மடங்கின.

"இப்ப சரியா வந்துடுத்து" என்றார் மாமி.

பக்கம் திருப்ப வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணிக்கை தவறினால் தெரிந்ததுபோல நடிக்காதீர்கள். தைரியமாக நிமிர்ந்து பாருங்கள். நம் ஊர் அரங்கில் யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.