கூரைக்கும் தரைக்கும் நடுவில்

என் அக்கா மகள் வெனிங்குக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. யோக்யா நகரத்தில் இருக்கும் கல்லூரிக்காரர்கள் செல்போனில் முகம் பார்த்துப் பேசப்போகிறார்கள். கட்டடக்கலை படிக்க இடம் உண்டா இல்லையா என்பது அந்தப் பேச்சில்தான் இருந்தது. அவளோ அடுப்படிக்கும் முன்னறைக்கும் குனிந்தபடியே அலைந்துகொண்டிருந்தாள். எங்கள் செமராங் கடலோரத்தில் வீட்டுக்குள் நிமிர்ந்து நடப்பவர்கள் குறைவு. நிலம் இறங்கிக்கொண்டே போகிறது, கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. நாங்களும் விடாமல் மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்துகிறோம். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"ரெண்டு துண்டு பொரிச்ச தெம்பேயாவது தின்னுடி. வெறும் வயித்தோட என்னத்தைப் பேசுவே?" என்றேன்.

"தொண்டையில இறங்க மாட்டேங்குது சித்தி. ஏன் இதைப் படிக்கணும்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

"அப்பா அங்கேயே இருக்காரே!"

அதுதான் வினை. சிக்னல் முன்னறை ஜன்னலோரத்தில் மட்டும்தான் கிடைக்கும். அவள் அப்பா தர்முஜி அதே அறையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். பௌர்ணமித் தண்ணீர் வருவதற்குள் தரையை மறுபடியும் உயர்த்தியாக வேண்டுமாம்.

"அத்தான், கொஞ்ச நேரம் வெளியே போய் இருங்களேன்."

"வெளியே தண்ணி நிக்குது. பொண்ணு பேசறதை அப்பன் கேக்கக் கூடாதா? நல்ல கதையா இருக்கே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெனிங் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த மனிதர் காதுபட அதைச் சொல்ல அவளுக்கு மனசு வராது என்பதும் தெரியும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும்.

அழைப்பு வந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நேராகவே கேட்டார். "ஏம்மா கட்டடக்கலை?"

"அழகான கட்டடம்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்..."

"காலையிலேருந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. உனக்குன்னு ஒண்ணும் இல்லையா?"

வெனிங் அப்பாவைப் பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைப் பரப்பிக்கொண்டிருந்தார். கை விரல்களை முறுக்கிக்கொண்டாள்.

"சொல்லித் தொலையேன்டி!" என்று அவள் தொடையில் கிள்ளினேன்.

"போன வருஷம் எங்கம்மா மவுத்தாப் போனாங்க" என்று ஆரம்பித்தாள். "உடலை வெச்ச சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிப் பிடிப்பாங்க. பெத்த பிள்ளைங்க அதுக்கு அடியில மூணு தடவை போய் வரணும், எங்க வழக்கம். தோளுக்குத் தூக்கினா பிள்ளைங்க சும்மா நடந்து போவாங்க. அன்னைக்கு வாசல்ல முட்டளவு தண்ணி. வீட்டுக்குள்ளேயே தூக்கினாங்க. இடுப்புக்கு மேல தூக்க முடியல, கூரை தட்டுது. நான் மண்டி போட்டுத் தவழ்ந்து போனேன். ரெண்டு தடவைதான் போனேன். மூணாவது தடவை என்னால முடியல மேடம். எங்கம்மாவுக்கு அதுகூட நான் முழுசா செய்யல."

மண்வெட்டிச் சத்தம் நின்றது. தர்முஜி வந்து செல்போனுக்கு முன்னால் குனிந்தார்.

"தரையை உசத்தினது நான்தாங்க. எனக்கு மண்ணைக் கொட்டத்தான் தெரியும். கூரையைத் தூக்கத் தெரியாது. இவளுக்குச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வெனிங் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்குத் தலை ரொம்ப இடிச்சுதாம்மா?" என்று கேட்டார் தர்முஜி.

"இல்லப்பா, இடிக்கவே இல்ல."

"சந்தூக்கோட முன்பக்கத்தைப் பிடிச்சிருந்தது நான்தானே. என் கைக்குத் தெரியாதா?"