மேடையில் தொங்கிய படம்

பொன்னாடையைக் கண்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீடுகளை இடிக்க புல்டோசர் வந்தபோது, அதன் முன்னால் போய் நின்று படம் பிடித்தவள் மரினா. தாப்பா ஊர்ப் பக்கத்துப் பூர்வகுடிப் பெண், பத்திரிகைப் புகைப்படக்காரி. "எங்க காட்டை அழிச்சப்போ படம் எடுக்க யாருமே வரல, அக்கா. அதான் நான் கேமரா தூக்கினேன்" என்று மலாய் மொழியில் சொன்னாள். கதவைப் பிடித்துக்கொண்டு என் அம்மா கதறிய அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது.

புந்தோங்கில் எங்கள் சங்கம் வெற்றி விழா வைத்தது. மேடையில் அதே படம், பெரிய பேனராக. தலைவருக்கு, வழக்கறிஞருக்கு, மைக்செட்காரருக்குக்கூடப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் அழைத்து வந்திருந்த மரினா கேமராவோடு கீழேயே நின்றாள்.

பொறுக்க முடியாமல் எழுந்தேன். "அண்ணே, இந்தப் படத்தை எடுத்ததே இவங்கதான் லா!"

"அப்படியா? நம்ம வரச்சொன்ன போட்டோகிராபர்னு நெனச்சேன். சரி, மேல வரச் சொல்லும்மா" என்றார் தலைவர். உடனே கையை நீட்டித் தடுத்தார். "அவங்க இங்க வந்து நின்னா, அப்புறம் யாரு படம் எடுக்குறது?"

கூட்டம் சிரித்தது. தமிழ் தெரியாத மரினா, எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தபடி கேமராவைத் தூக்கினாள்.

மறுநாள் அவள் எடுத்த விழாப் படம் பேப்பரில் வந்தது. அடியில் 'படம்: சங்கம்' என்று போட்டிருந்தார்கள்.

விரட்டப்பட்டவர்களுக்கு இன்னொருவர் வலி தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.