மங்கலாகத் தெரிந்த டிவி

பெர்னிக் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஸ்டாமென். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் டிவி மாமா. சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்று யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடிப்பார். உள்ளே படம் நிழலாக ஓடும். "திரைக்கு ஒண்ணுமில்ல, பின்னாடி விளக்குதான் போச்சு" என்று சாப்பாட்டு மேசையிலேயே கழற்றிவிடுவார். திரையை மட்டும் தனியாளாகத் தூக்க முடியாது, அப்பளம்போல நொறுங்கிவிடும். மறுமுனையைப் பிடிக்க மனைவி பென்கா வருவாள்.

"நான் பிடிக்கலன்னா உன் பிழைப்பு ஒரு நாள் ஓடுமா, கிழவா?"

போன நவம்பரில் அவள், "நம்ம டிவி இருட்டடிக்குது, என்னன்னு பாரேன்" என்றாள். ஸ்டாமென் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தார். ஜனவரியில் மறுபடியும் சொன்னாள். கடைசி அளவுவரை கூட்டினார். அவருக்குக் கண் கூசியது, அவளுக்குக் கூசவில்லை. அது ஏன் என்று மனுஷன் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

ஏப்ரலில் ஒரு காலை, சந்தையிலிருந்து கீரையோடு திரும்பினார். டிவி பேசிக்கொண்டிருந்தது. திரை கரிபோல இருந்தது. எதிரே பென்கா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? அந்தப் பொண்ணு போட்டிருக்க சிவப்புக் கவுனைப் பாரு, எவ்வளவு அழகு."

ஸ்டாமென் டார்ச்சை எடுத்து அடித்தார். கோட்டும் கால்சட்டையுமாக ஒருத்தி மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பென்கா, இதுல வெளிச்சமே இல்ல. எத்தனை நாளா இப்படி?"

அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"டிவிக்கா, எனக்கா?" என்றாள். "எனக்கு ஒரு மாசமா. சொன்னா நீ பயந்துடுவ."

மறுநாளே கண் டாக்டரிடம் போனார்கள். அவர் ஸ்டாமெனைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு. நவம்பர்லயே வந்திருந்தா இருந்த பார்வையையாவது காப்பாத்தியிருக்கலாம். இனி ரொம்பப் பலமான வெளிச்சம் மட்டும் தெரிஞ்சா உண்டு. அதுவும் சந்தேகம்தான்."

தெரிஞ்சா உண்டு என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஸ்டாமென் வீடு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் டிவியை மேசையில் படுக்க வைத்தார். பென்காவின் விரல்களை எடுத்துத் திரையின் ஓரத்தில் வைத்தார். இருவருமாகத் தூக்கினார்கள். உள்ளே பல்புகள் கருகிக் கிடந்தன. மாதக்கணக்கில் கடைசி அளவில் எரியவிட்டால் கருகாமல் என்ன செய்யும்? டிவிக்கு வந்த நோயும் அவர் கொடுத்ததுதான். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

புது விளக்குப் பட்டைகளை ஒட்டினார். திரையை மாட்டவில்லை. வெறும் வெளிச்சம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பென்காவை நேர் எதிரே உட்கார வைத்து, டிவியை நிமிர்த்திப் பிடித்தார்.

"முகத்தை நேரா வெச்சுக்கோ. இப்போ போடறேன்."

போட்டார். சமையலறை முழுக்க வெள்ளையானது. அவள் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், கிழவா?"

"கொஞ்ச நேரம்தான்" என்றார் ஸ்டாமென்.