கண்டக்டர் குடிக்காத தண்ணீர்

அவர் முப்பது வருஷம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திய மனுஷன். கண்டக்டர் என்று கூப்பிட்டால்தான் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றும். மனைவி போன பிறகு மகன் தமிழ் புழங்காத இந்த ஊருக்குக் கூட்டி வந்தான். இடுப்பு எலும்பு முறிந்ததும் இந்த முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான்.

மாடியில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. மனுஷன் அதற்கெல்லாம் மலைக்கவில்லை. நர்ஸ் பெண் புரட்டிப் படுக்கவைக்கும்போது வலித்தால் வாயாலேயே ஒரு விசில், அவள் நிறுத்துவாள். இரண்டு விசில் என்றால் போகலாம், ரைட். படுக்கை நனைந்துவிட்டால் நீளமாக ஒன்று ஊதுவார். அவள் சிரித்துக்கொண்டே துணி மாற்றுவாள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குறுக்கே போய் விழுந்தவன் நான். எனக்குக் கீழே துணி துவைக்கிற வேலை. தமிழ் பேசுகிறவன் என்று மேனேஜர் என்னை மேலே இழுத்துப்போய் நிறுத்தினார். கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்மாளா தம்பி? எங்கய்யா இருந்த இத்தனை நாளா?"

"கீழதாங்கய்யா. உங்க துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன்."

கை மெல்ல விலகியது. களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

அதிலிருந்து அவர் விரிப்புகள் காய்ந்தே வந்தன. என் வாயில் சனி. "பரவால்லையே ஐயா, இப்பல்லாம் நனைக்கிறதே இல்ல போல!" என்று தோளில் தட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீக்கிரமே உதடு வெடித்து, நாக்கு வறண்டு கிடந்தார். டம்ளரை நீட்டினால் வாயை இறுக்கிக்கொண்டார். இப்படியே போனால் ஆஸ்பத்திரிதான், மூக்கில் குழாய்தான் என்றார் டாக்டர். ஏன் என்று கேட்கச் சொல்லி நர்ஸ் என்னை முன்னால் தள்ளினாள்.

"என்னங்கய்யா இந்த வீம்பு? ஒரு வாய் குடிங்க."

"குடிச்சா வந்துருதே தம்பி."

"வந்தா வரட்டும். மிஷின்தான துவைக்குது?"

"மிஷினுக்குத் தமிழ் தெரியாதுய்யா. நீ பாக்குறியே. அந்தப் பொண்ணுக்கு நான் யாரோ ஒரு கெழவன். உனக்கு நான் கண்டக்டர்ல?"

அவர் தோளில் தட்டிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நர்ஸ் என்னவென்று கேட்டாள். வாய் கசக்கிறதாம் என்று அவள் பாஷையில் சொல்லிவிட்டு, அவர் காதோரம் குனிந்தேன்.

"ஐயா, உங்க மாடித் துணி இனிமே என்கிட்ட வராது. வேற ஆளு போட்டுட்டாங்க. அவனுக்குத் தமிழ்ல அம்மா, அப்பா கூடத் தெரியாது."

"நெசமாவா?"

"அட, நெசமாத்தான்."

நர்ஸ் பிடித்த டம்ளரில் வாய் வைத்தார். பாதி துண்டில் சிந்தியது. மீதி உள்ளே போனது.

கீழே வேறு ஆள் எவனும் கிடையாது. மறுநாள் அவர் கட்டில் எண் போட்ட விரிப்பு நனைந்து, கனத்து வந்து சேர்ந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் திருடன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே அதை மிஷினுக்குள் திணித்தேன்.