முதல் தொட்டி

மகாதேவன் மாதுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, கோவண்டியில் இறங்குவான். உப்பங்கழியை ஒட்டிய தகரக் கொட்டகையில் இறால் வளர்த்தார்கள். அவன் அங்கே எடை எழுதும் குமாஸ்தா. வயது முப்பத்தொன்று. மீன் கடை இருந்தால் தெருவின் மறுபக்கம் போகிறவன். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பது மனைவி பாகீரதிக்கு மட்டும் தெரியும். சாயங்காலம் வாசலிலேயே சொம்பில் தண்ணீர் வைத்திருப்பாள்.

இரண்டு சிமென்ட் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் இப்போது முப்பத்திரண்டு ஆற்று இறால். முதல் தொட்டிக்கு நறுக்கிய மட்டிச் சிப்பிச் சதை. இரண்டாவதற்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும். எந்தத் தீனியில் இறால் சீக்கிரம் வளர்கிறது, எதில் சதை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் நம்பிராஜன் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒரு முறை தொட்டிக்கு ஒன்றாக வேகவைத்து, உப்புப் போடாமல் தின்று பார்ப்பார். மட்டி தின்றது கெட்டியாக, இனிப்பாக இருக்கிறது என்பார். புண்ணாக்கு தின்றது சிறுத்துப்போய், வாயில் மாவாகிறதாம்.

மட்டி நறுக்குவது சலாவுதீன். தாராவியில் இருப்பவன். மகாதேவனைச் சீண்ட, இரண்டாவதற்கு அவன் வைத்த பெயர் ஐயர் தொட்டி.

"உங்க ஆளுவ மெலிஞ்சே போய்ட்டாவ, சாமி. ஒரு நாளைக்கி எங்க தொட்டிக்கி விருந்துக்கு அனுப்புங்க."

"அதுகளாவது நிம்மதியா இருக்கட்டும். நீ உன் வேலையப் பாரு."

தங்கையின் நிக்காஹுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போனபோது சலாவுதீன் கத்தியை மகாதேவனிடம் கொடுத்தான்.

"சும்மா வெட்டுங்க சாமி. மட்டி கத்தாது."

மறுநாள் மகாதேவன் ஒரு மட்டியைக் கையில் எடுத்தான். ஓட்டின் இடுக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. கீழே வைத்துவிட்டான். வாளியோடு கொண்டுபோய்க் கழியில் கொட்டினான். இரண்டு தொட்டிக்கும் புண்ணாக்குப் போட்டான். நோட்டில் வழக்கம்போல 'மட்டி, ஐம்பது கிராம்' என்று எழுதினான். டாக்டர் கொச்சிக்குப் போயிருந்தார். கொஞ்சம் இளைக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தான். தினமும் அப்படியே செய்தான்.

பதின்மூன்றாம் நாள் எடை பார்க்க முதல் தொட்டியின் தண்ணீரை இறக்கினான். பத்தொன்பது இருந்தன. திரும்ப எண்ணினான். பத்தொன்பது. மேலே கம்பி வலை மூடியபடியே இருந்தது. உள்ளே, மறைவுக்குப் போட்டிருந்த கூரை ஓட்டுத் துண்டுகளின் கீழே கால்கள், கொடுக்குகள், பாதித் தலை ஒன்று. அதன் அருகில் ஒரு பெரிய இறால் இன்னொன்றைப் புரட்டி வைத்து வயிற்றிலிருந்து தின்றுகொண்டிருந்தது. தின்னப்படுவதன் மீசை அசைந்தது.

இரண்டாவது தொட்டியில் முப்பத்தொன்று இருந்தன.

அன்றைக்கே டாக்டர் ஊரிலிருந்து திரும்பி, ஸ்டேஷனிலிருந்து நேரே வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமல் தொட்டிக்குள் பார்த்தார்.

"தண்ணி கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். நோட்டும் அவன் பக்கம் இருந்தது.

"மட்டி போடலை, ஸார்."

"என்னது?"

"பன்னெண்டு நாளா ரெண்டுக்கும் புண்ணாக்குதான். என்னால வெட்ட முடியலை."

டாக்டர் நோட்டை எடுத்துப் புரட்டினார். "அம்பது கிராம், அம்பது கிராம்னு எழுதியிருக்கே."

"நான்தான் எழுதினேன்."

"அப்போ இதுக்கு முன்னால எழுதினது?"

"அதெல்லாம் நிஜம், ஸார்."

"அதை நான் எப்படிய்யா நம்புறது?"

மகாதேவன் நோட்டைப் பார்த்தான். எட்டு மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் அவன் கையெழுத்து. டாக்டர் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஓடு உரிச்சா ரெண்டு நாள் பஞ்சா கிடக்கும். பசிச்ச மத்ததுக்கு அது போதும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

தொட்டியின் மூலையில் ஒன்றின் முதுகு பிளந்திருந்தது. பழைய ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. மூன்று அதை நோக்கித் திரும்பின.

அன்றைய மட்டி இன்னும் கழிக்குப் போகவில்லை. மகாதேவன் கத்தியை எடுத்தான். முதல் மட்டியின் சதை கத்தி பட்டதும் சுருங்கியது. கை நின்றது. பிறகு வெட்டினான். அடுத்ததையும், அதற்கடுத்ததையும். நறுக்கியும் நறுக்காமலும் அள்ளி எதிர் மூலையில் எறிந்தான். மூன்றில் இரண்டு அந்தப் பக்கம் போயின. மறுபடி எறிந்தான். மூன்றாவதும் போயிற்று.

டாக்டர் நோட்டில் அன்றைய கட்டத்தில் பேனாவை வைத்திருந்தார்.

"எவ்வளவு?"

"தெரியலை, ஸார்."

டாக்டர் அதையே எழுதினார்.